காப்புக் கட்டிய சைக்கிள்காரி

அந்தப் பொம்பளை எங்கள் ஊருக்குள் முதல் தடவை சைக்கிளில் வந்தபோது மழை தூறிக்கொண்டிருந்தது, இரண்டாவது தடவை வந்தபோது வெயில் சாய்ந்து மாடுகள் திரும்பிக்கொண்டிருந்தன, மூன்றாவது தடவை வந்தபோது குழாயடியில் நின்றவர்கள் இடுப்புக் குடத்தைக்கூட இறக்காமல் "வந்துட்டாளா?" என்று கேட்டுவிட்டு, விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடர்ந்தார்கள். தும்பைப்பாறைக்காரர்கள் அப்படித்தான். மலையே நகர்ந்து வந்து வாசலில் நின்றாலும், கொஞ்சம் ஓரமாக நில்லு என்று சொல்லிவிட்டுக் கோலம் போடுகிற ஜனம். நான் வாக்கப்பட்டு வந்த ஊர் என்பதற்காகக் கூட்டியும் சொல்ல மாட்டேன், குறைத்தும் சொல்ல மாட்டேன். என் பெயர் வெள்ளத்தாயி. எல்லையம்மன் கோயில் பூசாரி சடையாண்டியின் பெண்டாட்டி.

வருசத்தில் ஒருநாள் அடிவாரத்திலிருந்து சைக்கிள்காரர்கள் கிளம்புவார்கள். ஒரே பகலில் நாலு கணவாய் ஏறி இறங்கி, பொழுது சாய்வதற்குள் மறுபடி அடிவாரத்துக்கே போய்ச் சேர வேண்டும், அதுதான் போட்டி. ஜீப்பே மூச்சு வாங்குகிற ரோட்டில் எதுக்கு இப்படி நாக்குத் தள்ள ஏறுகிறார்கள் என்று நாங்கள் கேட்டதில்லை. நாங்கள் தீ மிதிக்கிறோமே, அவர்கள் கேட்டார்களா? ஒவ்வொரு கணவாய் உச்சியிலும் போட்டிக்காரர்களின் ஆள் ஒருத்தர் நின்று, வந்து சேர்கிறவர் மணிக்கட்டில் ஒரு கலர் கயிறு கட்டிவிடுவார். முதல் கணவாய்க்குச் சிவப்பு, அடுத்ததுக்கு நீலம், அதற்கடுத்ததுக்குப் பச்சை, கடைசிக் கணவாய்க்கு மஞ்சள். எங்கள் ஊர் மூன்றாவதுக்கும் நாலாவதுக்கும் நடுவில் கிடக்கிறது. மேல ஆர்ச்சு வழியாக உள்ளே வந்து, ஊரைக் கடந்து, கீழ ஆர்ச்சு வழியாக வெளியேறி, நாலாவது கணவாயை ஏறி இறங்கினால் அடிவாரம்.

அந்த வருசம் பார்த்து, போட்டி நாளும் எங்கள் அம்மனுக்குக் காப்புக் கட்டுகிற நாளும் ஒன்றாக விழுந்துவிட்டது. திருவிழா தொடங்குகிற அன்றைக்கு மஞ்சள் துண்டு முடிந்த கயிற்றைக் கையில் கட்டிக்கொள்கிறவர், எட்டாம் நாள் அம்மன் தெருச் சுற்றி வந்து பூசாரி அதை அவிழ்க்கிறவரை ஊர் எல்லையைத் தாண்டி இராத்தங்கக் கூடாது. தங்கினால் என்ன ஆகும் என்று எங்களில் யாரும் தங்கிப் பார்த்ததில்லை. அப்புறம் இன்னொன்று, காப்புக் கட்டும்போது பூசாரி நிமிர்ந்து முகத்தைப் பார்க்கக் கூடாது. மணிக்கட்டை மட்டும்தான் பார்க்க வேண்டும். ஏனென்றால் கட்டுவது அவர் இல்லை, அம்மன். அவளுக்கு முகதாட்சண்யம் கிடையாது.

மற்ற சைக்கிள்காரர்கள் எல்லாம் போய் வெகுநேரம் கழித்து, கடைசி ஆளாக இவள் வந்தாள். மூன்றாவது கணவாயில் இரண்டு தடவை வாந்தி எடுத்து, கண் இருட்டி, எத்தனை கணவாய் ஏறினோம் என்பதே மறந்துபோய் வந்தவளுக்கு, மழைக்குள் ஒரு வரிசை தெரிந்திருக்கிறது. வரிசையில் நின்ற அத்தனை பேரும் கையை நீட்டியிருக்கிறார்கள். ஒரு மனுசன் குனிந்த தலை நிமிராமல் மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டிருக்கிறார். மஞ்சள் என்றால் கடைசிக் கணவாய். அப்பாடா முடிஞ்சுது என்று ஒற்றைக் காலை ஊன்றிக் கையை நீட்டிவிட்டாள். எங்கள் வீட்டுக்காரர் பார்த்தது சிவப்பும் நீலமும் பச்சையுமாக மூன்று கயிறு கிடந்த ஒரு மணிக்கட்டை. இந்தக் காலத்துப் பிள்ளைகள் கையில் என்னென்னமோ மாட்டிக்கொள்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, மூன்று முடிச்சுப் போட்டு அழுத்திக் கட்டிவிட்டார். அவள் "தேங்க்ஸ் சார்" என்று சொல்லிவிட்டு மிதித்தாள். காப்புக் கட்டியதற்கு எங்கள் கோயிலில் தேங்க்ஸ் சொன்ன முதல் ஆள் அவள்தான், அதைக் கேட்டாவது இந்த மனுசன் நிமிர்ந்து பார்த்திருக்கலாம். நான் மடப்பள்ளியில் மாவு இடித்துக்கொண்டிருந்தேன், எனக்கு ஒன்றும் தெரியாது.

கீழ ஆர்ச்சைத் தாண்டியதும் ரோடு மறுபடி ஏறியதைப் பார்த்து, அய்யோ இன்னும் ஒன்று பாக்கியா என்று அழுதுகொண்டே ஏறினாளாம். நாலாவது கணவாய் உச்சியில் போட்டிக்காரர்கள் இன்னொரு மஞ்சள் கயிறு கட்டினார்கள். அங்கேயிருந்து இறக்கம்தான், காலை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாலே அடிவாரம் வந்துவிடும். இறங்கினாள், இறங்கினாள், கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றாகத் திரும்பித் திரும்பி இறங்கினாள், கடைசி வளைவில் திரும்பியபோது எதிரே எங்கள் ஊர் மேல ஆர்ச்சு நின்றது.

"அக்கா, அடிவாரத்துக்கு எப்படிப் போவணும்?" என்று குழாயடியில் கேட்டாள்.

"இதே ரோடுதான் தாயி."

மறுபடி போனாள், மறுபடி வந்தாள். போட்டிக்காரர்களின் வேன் வந்து அவளை ஏற்றிக்கொண்டு போனது. வேனும் மேல ஆர்ச்சு வழியாகவே திரும்பி வந்தது. அவளை இறக்கிவிட்டுப் போய்ப் பார்த்தார்கள், வேன் நேரே அடிவாரம் போய்ச் சேர்ந்துவிட்டது. அப்போதுதான் எங்கள் வீட்டுக்காரர் அவள் கையைப் பார்த்தார். பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"இது நான் போட்ட முடிச்சாச்சே..." என்றார். அப்புறம் அவளைப் பார்த்து, "பயப்படாத ஆத்தா. எட்டு நாள்தான். எட்டாம் நாள் அம்மன் சுத்தி வந்ததும் அவுத்துருவேன்" என்றார்.

"எட்டு நாளா! நாளைக்கு எனக்கு ஸ்கூல் உண்டு சார். வீட்டுல சின்னப் பிள்ள இருக்கா" என்றாள். பெயர் ஜெஸிந்தா. தூத்துக்குடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். மூன்றாம் வகுப்புப் படிக்கிற மகள், ஷெரின். புருசன் ரெக்ஸ் துறைமுகத்தில் வேலை. ஒரே ஒரு நாள் என்று சொல்லிவிட்டு வந்தவள். என்னிடம் பிளேடு கேட்டு வாங்கி, எங்கள் கண் முன்னாலேயே கயிற்றை அறுத்துப் போட்டாள்.

மறுநாள் விடிந்ததும் கிளம்பிப் போனவள், சாயங்காலம் மேல ஆர்ச்சு வழியாக வந்தாள்.

"கயித்தத்தான அறுத்த, காப்பையா அறுத்த?" என்று கேட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கேட்டுவிட்டு நானே அவளைக் கூட்டிப்போய்ச் சோறு போட்டேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டில்தான் இருந்தாள். அவள் வந்து நின்றதைப் பார்த்த பிறகு, காப்புக் கட்டியிருந்த ஆம்பளை பொம்பளை எல்லோரும் அவரவர் மணிக்கட்டை ஒருதரம் பார்த்துவிட்டுக் கையை மடிக்குள் வைத்துக்கொண்டோம். கட்டுப்பட்டுக் கிடக்கிறோம் என்று அதுவரை எங்களுக்கே தெரியாது.

எட்டாம் நாள் வந்தது. அம்மன் சப்பரத்தைத் தூக்கும்போது முன்பக்கத்து வலது தோள் யாருடையது என்று மேலத்தெருவும் கீழத்தெருவும் வருசா வருசம் முறைத்துக்கொள்ளும், அப்புறம் யாராவது ஒருத்தர் விட்டுக்கொடுப்பார்கள். அந்த வருசம் விட்டுக்கொடுக்க ஆளில்லை. மேலத்தெரு பெரியமாயன் "எங்கப்பன் வச்ச தோளு" என்றான், கீழத்தெரு ஒச்சப்பன் "உங்கப்பனுக்கு அதைக் குடுத்ததே எங்கப்பன்தான்" என்றான், வேட்டி கிழிந்தது, மண்டை உடைந்தது. கடைசியில் நீ இல்லாமல் நான் சாமியைத் தூக்கிவிடக் கூடாது, நான் இல்லாமல் நீ தூக்கிவிடக் கூடாது என்று கோயில் கதவுக்கு மேலத்தெரு ஒரு பூட்டும் கீழத்தெரு ஒரு பூட்டும் போட்டுச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு போய்விட்டார்கள். எங்கள் வீட்டுக்காரர் பூட்டிய கதவுக்கு வெளியே விளக்கேற்றிவிட்டு வந்து, சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். திருவிழா முடியவில்லை. காப்பு அவிழவில்லை.

ஜெஸிந்தா விடிந்ததும் சைக்கிளைத் துடைப்பாள், காற்றுப் பார்ப்பாள், "இன்னைக்கு விட்ரும்க்கா, மனசு சொல்லுது" என்பாள், கீழ ஆர்ச்சு வழியாகப் போவாள், பொழுது சாய மேல ஆர்ச்சு வழியாக வருவாள். ரோட்டை மாற்றிப் பார்த்தாள். தலைகீழாக மேல ஆர்ச்சு வழியாகப் போய்க் கீழ ஆர்ச்சு வழியாக வந்தாள். சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு காட்டுப் பாதையில் இறங்கி, முள் கிழித்த காலோடு எங்கள் மாட்டுத்தொழுவத்துக்குப் பின்னால் வந்து ஏறினாள். ஊருக்குள் போனுக்கு டவர் கிடையாது. நாலாவது கணவாய் உச்சியில்தான் கிடைக்கும். தினமும் அங்கே ஏறி நின்று மகளோடு பேசிவிட்டு, அதற்கு அந்தப் பக்கம் அடிவாரத்துக்கு இறங்குகிறோம் என்று நம்பி இறங்கி, எங்களிடம் வந்து சேருவாள்.

ரெக்ஸ் ஒரு ஞாயிற்றுக்கிழமை காரில் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வந்தார். பொண்டாட்டியை ஏற்றிக்கொண்டு அவர் கிளம்பினார், நாங்கள் கையசைத்தோம். கார் கீழ ஆர்ச்சில் போய் மேல ஆர்ச்சில் வந்தது, கீழ ஆர்ச்சில் போய் மேல ஆர்ச்சில் வந்தது, பிள்ளை வளைவுகளில் குடலைப் புரட்டி வாந்தி எடுத்துச் சுருண்டுவிட்டது, அந்த மனுசன் வெறி பிடித்தவர் மாதிரி ஓட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில் அவளே நிறுத்தச் சொல்லி இறங்கிக்கொண்டாள். அந்தச் சின்னது காருக்குள் முட்டி போட்டுப் பின் கண்ணாடி வழியாக எங்கள் எல்லோரையும் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போனது.

"பிள்ளைய இங்கயே வச்சுக்கயேன்" என்று ஒச்சப்பன் பொண்டாட்டி சொன்னதற்கு, "அவ கால் இந்த மண்ணுல பட வேண்டாம்க்கா. ஒருத்தி மாட்டுனது போதும்" என்றாள் ஜெஸிந்தா.

இனிமேல்தான் எங்கள் ஊர் யோக்கியதையைச் சொல்ல வேண்டும். அவள் எப்படியும் தினம் போய்த் தினம் வருகிறாள் என்றானதும், போகிற வழியில் கணவாய்க் கடையில் எனக்கு ஒரு தைல பாட்டில் வாங்கிட்டு வா தாயி என்றாள் ஒருத்தி. அடுத்த நாள் பெரியமாயனுக்குச் சர்க்கரை மாத்திரை. அதற்கடுத்து ஒச்சப்பன் வீட்டுக்கு ரேடியோ பேட்டரி. வாரத்துக்கு இரண்டு நாள் வருகிற ஜீப்புக்குக் காத்திருந்த ஊர், ஜீப்பையே மறந்துபோனது. அவள் கீழ ஆர்ச்சைத் தாண்டினால் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளைக் கிளப்பினார்கள். மேல ஆர்ச்சில் தலை தெரிந்தால் உலை வைத்தார்கள். பிள்ளை இல்லாதவர்கள் அவள் சைக்கிள் சக்கரத்தில் மஞ்சள் தடவினார்கள், அதில் ஒருத்திக்கு நாள் தள்ளிப்போனதும் மற்றவர்கள் வரிசையில் நின்றார்கள். மேலத்தெரு அவளுக்குச் சேலை எடுத்தது என்று கீழத்தெரு மழைக்கோட்டு வாங்கியது. எதிலும் ஒத்துப்போகாத இரண்டு தெருவும் அவள் விஷயத்தில் மட்டும் அண்ணன் தம்பியாக இருந்தது எனக்கு அப்போதே உறுத்தியிருக்க வேண்டும். எனக்கும் அவள் வாங்கி வந்த தைலம் சுகமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

இப்படியே மாசங்கள் போக, ஒருநாள் மேல ஆர்ச்சில் வந்தவள் சைக்கிளை மிதிக்காமல் உருட்டிக்கொண்டு வந்தாள். சாப்பிடக் கூப்பிட்டேன், வரவில்லை. தொழுவத்துக் கல்லில் உட்கார்ந்திருந்தாள்.

"என்ன புள்ள, மேலுக்குச் சரியில்லையா?"

"இல்லக்கா. தினமும் போன எடுத்ததும் எப்பம்மா வருவன்னுதான் கேப்பா. இன்னைக்கு அவ கேக்கலக்கா. சாப்டியான்னு கேட்டா, மழை பெய்யுதான்னு கேட்டா, வச்சிரட்டுமான்னு கேட்டா. எப்ப வருவன்னு கேக்கவே இல்ல." "பழகிட்டாக்கா அவ" என்றாள். அப்புறம் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகைத் தடவிக்கொண்டு நானும் அழுதேன். வேறு என்ன செய்யத் தெரியும் எனக்கு?

மறுநாள் அவள் சைக்கிளை எடுக்கவில்லை. அதற்கு மறுநாளும் எடுக்கவில்லை. ஊர் தத்தளித்துப்போனது. உலை எப்போது வைப்பது என்று தெரியவில்லை, மாத்திரை தீர்ந்துவிட்டது, பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் பிந்திப் போய் அடி வாங்கின. மூன்றாம் நாள் உச்சிவெயிலில் அரசமரத்தடியில் கூட்டம் போட்டார்கள். இத்தனை மாசமாக முகம் பார்க்காத பெரியமாயனும் ஒச்சப்பனும் ஒரே கல்லில் உட்கார்ந்திருந்தார்கள்.

"அந்தப் பிள்ளைக்கு நாம என்ன குறை வச்சோம்? சோறு இல்லையா, துணி இல்லையா?" என்றான் பெரியமாயன்.

"அதான. ஊரே தலைல வச்சுத் தாங்குது" என்றான் ஒச்சப்பன்.

"அப்ப பூட்டத் தொறங்கய்யா. சாமியத் தூக்குங்க. அவ காப்ப அவுத்து விடுவோம்" என்றார் எங்கள் வீட்டுக்காரர். அந்த மனுசன் கூட்டத்தில் வாய் திறந்து நான் பார்த்ததே இல்லை.

ஒருத்தர் மேலே மரத்தைப் பார்த்தார், ஒருத்தர் துண்டை உதறித் தோளில் போட்டார். கடைசியில் பெரியமாயன், "தூக்கலாம் பூசாரி, தூக்காமலா போயிருவோம்? ஆனா அவ போயிட்டா இந்த மாத்திரை மருந்தெல்லாம்... அதையும் ரோசிக்கணும்ல?" என்றான். ஒச்சப்பன் அவன் தொடையில் தட்டி ஆமோதித்தான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடப்பாவிகளா! தோளுக்குச் சண்டை எப்பவோ தீர்ந்துபோயிருக்கிறது, இவளைப் பிடித்துவைத்துக்கொள்ளத்தான் பூட்டு தொங்குகிறது. "நீங்களெல்லாம் சோத்துல உப்புப் போட்டுத்தான் திங்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டு, மடப்பள்ளிக்குப் போய் மாவு இடிக்கிற இரும்பு உலக்கையை எடுத்துக்கொண்டு கோயிலுக்கு நடந்தேன். மேலத்தெருப் பூட்டை உடைத்தேன். ஒன்றை மட்டும் உடைத்தால் கட்சி சேர்ந்ததாகிவிடும், அதனால் கீழத்தெருப் பூட்டையும் உடைத்தேன். பெரியமாயன் பொண்டாட்டியும் ஒச்சப்பன் பொண்டாட்டியும் ஓடி வந்தார்கள். என்னைத் தடுக்கத்தான் வருகிறார்கள் என்று உலக்கையை ஓங்கினேன். அவர்கள் ஆளுக்கொரு கதவைப் பிடித்துத் தள்ளித் திறந்தார்கள். அவர்கள் கையிலும் காப்பு இருந்ததே, தாய்வீட்டைப் பார்த்து அவர்களுக்கும் எத்தனை மாசம்!

அம்மனை எடுத்துவிட்டோம். தூக்க ஆம்பளைகள் வரவில்லை, சப்பரமோ பொம்பளைகளுக்கு அடங்காத கனம். நான் வீட்டுக்கு ஓடினேன்.

"ஏத்தா ஜெஸிந்தா, எந்திரி. சைக்கிள எடு. அம்மனை உன் முதுகுல கட்டிவிடுறோம், தெருச் சுத்தி வந்துரு."

அவள் என்னை அண்ணாந்து பார்த்தாள். "நான் சர்ச்சுக்குப் போற வேதக்காரியாச்சேக்கா."

"காப்புக் கட்டும்போது அதை அம்மன் கேக்கலையே. அவளும் இத்தனை மாசம் பூட்டுக்குள்ள கிடந்தவதான் தாயி. தூக்கிட்டுப் போ."

எழுந்து முகம் கழுவி, நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு வந்து முதுகைக் காட்டினாள். தூளிச் சேலையில் அம்மனை வைத்து, பிள்ளையைக் கட்டுகிற மாதிரி இறுக்கிக் கட்டினோம். எங்கள் வீட்டுக்காரர் உடுக்கையை எடுத்து அடித்தார். அவள் மிதித்தாள். மேலத்தெருவில் போனாள், கீழத்தெருவில் போனாள், மேட்டிலும் பள்ளத்திலும் சாமி ஆடாமல் அசையாமல் போனாள். முன் தோளும் இல்லை, பின் தோளும் இல்லை, வலதும் இல்லை, இடதும் இல்லை. பொம்பளைகள் குலவை போட்டுக்கொண்டு பின்னால் ஓடினோம். அரசமரத்தைக் கடந்தபோது ஆம்பளைகள் எழுந்து துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கும்பிட்டார்கள், வேறு வழி?

அம்மன் கோயில் திரும்பியதும் வீட்டுக்காரர் அவளுக்குத்தான் முதலில் அவிழ்த்தார். கயிறு இல்லாத வெறும் மணிக்கட்டில் விரலை வைத்து முடிச்சைத் தேடினார். மாசக்கணக்கில் மழையிலும் வேர்வையிலும் ஊறி இறுகியிருந்தது போல, அவிழக் கொஞ்ச நேரம் பிடித்தது. மூன்றாவது முடிச்சு அவிழ்ந்ததும் அவள் கையை உதறிக்கொண்டாள். இந்தத் தடவை அவர் நிமிர்ந்து முகத்தைப் பார்த்தார். "மன்னிச்சுக்க ஆத்தா" என்றார். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்போதே கிளம்பிவிட்டாள், ஒரு வாய்ச் சோற்றுக்குக்கூட நிற்கவில்லை. கீழ ஆர்ச்சைத் தாண்டி நாலாவது கணவாய் வளைவில் அவள் தலை மறைந்ததும், ஒருத்தர் ஒருத்தராக நடந்து எல்லோரும் மேல ஆர்ச்சுக்குப் போய் நின்றோம். வந்துவிடக் கூடாது, வந்துவிடக் கூடாது தாயே என்று நான் வாய்விட்டுச் சொன்னேன். பெரியமாயன் வளைவையே பார்த்துக்கொண்டிருந்தான். மாடுகள் வந்தன, ஜீப் வந்தது, பனி இறங்கியது. அவள் வரவில்லை. பெரியமாயன் பச்சைப் பிள்ளை மாதிரி அழுதான், ஒச்சப்பன் அவனைக் கூட்டிக்கொண்டு போனான். நான் சந்தோசத்தில் அழுதேன்.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. வழியில் விழுந்து கிடந்தால்? வேறு ஏதாவது ஊர் பிடித்துவைத்துக்கொண்டிருந்தால்? விடிந்ததும் வீட்டுக்காரர் போனை எடுத்துக்கொண்டு நாலாவது கணவாய்க்கு நடந்தேன். கல்யாணமாகி ஜீப்பில் வந்தபோது பார்த்த இடம், அதற்கப்புறம் நான் அந்தப் பக்கம் போனதில்லை. உச்சியில் நின்றால் அடிவாரம் கண்ணுக்கெட்டின தூரம் பச்சையாகக் கிடக்கிறது, ரோடு நூல் பிடித்த மாதிரி அதில் இறங்கிப் போகிறது. டவர் கிடைத்தது. அவள் நம்பரைப் போட்டேன். ரொம்ப நேரம் அடித்தது.

"யாரு?" என்றது ஒரு சின்னக் குரல்.

"நான் வெள்ளத்தாயி, கண்ணு. தும்பைப்பாறையிலருந்து பேசுறேன். அம்மா வந்துட்டாங்களா?"

அந்தப் பக்கம் கதவை மெதுவாகச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"அம்மா தூங்குறாங்க" என்றது பிள்ளை.

"நல்லது தாயி. ஒரே ஒரு வார்த்தை பேசிட்டு..."

"எழுப்ப மாட்டேன். நீங்க மறுபடியும் கூப்ட்டுட்டுப் போயிருவீங்க. இனிமே இந்த நம்பருக்குப் பேசாதீங்க" என்று சொல்லிவிட்டு, எட்டு வயசுப் பிள்ளை, போனை வைத்துவிட்டது.

"சரி கண்ணு. எழுப்பாத" என்றேன் நான், வைத்துவிட்ட போனில்.